கிட்னிக்கு மேல ஒரு தொப்பி

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் அனுப்பின கேள்வி: “காலையில எந்திரிக்கவே முடியல, அட்ரீனல் சோர்ந்து போச்சுன்னு இன்ஸ்டாவுல ஒரு பவுடர் விக்கிறாங்க, வாங்கலாமா?” பதில் கடைசியில வரும். அதுக்கு முன்னாடி இந்தச் சுரப்பியோட வரலாறு கொஞ்சம் தெரியணும்.

2025-ல எங்க பள்ளிபாளையம் பேர் செய்தியில அடிபட்டது கிட்னிக்காக. கடன்ல மாட்டின விசைத்தறித் தொழிலாளிங்ககிட்ட புரோக்கருங்க கிட்னி வாங்கின விவகாரம். அந்தக் கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறதுதான் அட்ரீனல். ஒவ்வொண்ணும் நாலஞ்சு கிராம். தானத்துக்குக் கிட்னியை எடுக்கும்போது டாக்டருங்க இதைப் பிரிச்சு உடம்புலயே விட்டுடுவாங்க. ஏன் அவ்வளவு கவனம்னு கண்டுபிடிக்க மனுஷனுக்கு முந்நூறு வருஷம் ஆச்சு.

16-ஆம் நூற்றாண்டுல இத்தாலியில எவுஸ்டாக்கி இதை வரைஞ்சு காட்டினார். என்ன வேலை செய்யுதுன்னு அவருக்குத் தெரியாது. 1716-ல பிரான்ஸ்ல போர்டோ நகரத்து அகாடமி, “இந்தச் சுரப்பி எதுக்கு இருக்கு?”ன்னு பரிசுப்போட்டியே வெச்சது. வந்த கட்டுரைகளைப் பார்த்த மாண்டெஸ்கியூ, 1718-ல, பரிசு யாருக்கும் இல்லைன்னு சொல்லிட்டார். எனக்குப் பிடிச்ச நடுவர் அவர்தான்.

1855-ல லண்டன் கைஸ் ஹாஸ்பிடல்ல தாமஸ் அடிசன் பதினொரு நோயாளிகளைப் பத்தி எழுதினார். உடம்பு வத்தும், வாந்தி வரும், தோல் கறுக்கும், கடைசியில இறந்துடுவாங்க. இறந்த பிறகு திறந்து பார்த்தா அட்ரீனல் கெட்டுப்போயிருந்தது. பலருக்கு அதை அரிச்சது காசநோய். நம்ம நாட்டுல இன்னைக்கும் அடிசன் நோய்க்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். அடுத்த வருஷமே பாரீஸ்ல பிரவுன்-செக்வார்ட் மிருகங்களோட அட்ரீனலை எடுத்துப் பார்த்தார். எல்லாம் செத்துப்போச்சு.

சரி, அட்ரீனல் இல்லைன்னா ஏன் சாகணும்? இதுக்கு அமெரிக்காவுல ஒரு குழந்தை பதில் சொன்னது. 1940-ல வில்கின்ஸும் ரிக்டரும் எழுதின கேஸ் இது. மூன்றரை வயசுப் பையன். சின்னதுல இருந்தே பிஸ்கட் மேல இருக்கிற உப்பை நக்கிட்டு பிஸ்கட்டைப் போட்டுடுவான். அவன் பேசக் கத்துக்கிட்ட முதல் வார்த்தைகள்ல ‘உப்பு’ம் ஒண்ணு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில வேற காரணத்துக்காகச் சேர்த்தாங்க. அங்க எல்லாக் குழந்தைக்கும் போடுற சாப்பாட்டைப் போட்டாங்க. ஏழே நாள்ல இறந்துட்டான். அவனோட அட்ரீனலால உடம்புல உப்பைப் பிடிச்சு வைக்க முடியல. அத்தனை நாளும் அந்தக் குழந்தை தனக்குத் தானே வைத்தியம் பார்த்துட்டு இருந்திருக்கான். உப்பைப் பிடிச்சு வைக்கிற அந்த ஹார்மோன் பேர் ஆல்டோஸ்டிரோன். அட்ரீனல்ல இருந்து வர்ற இன்னொண்ணு கார்ட்டிசால். மூணாவது, எல்லாருக்கும் தெரிஞ்ச அட்ரினலின்.

இப்ப ‘இயற்கை’ கதைக்கு வருவோம். நம்ம வீட்டுல இருமலுக்கு வாயில அடக்கிக்கிற அதிமதுரம். 1946-ல நெதர்லாந்துல ரெவர்ஸ்ங்கிற டாக்டர், அதிமதுரச் சாறு குடிச்ச வயித்துப்புண் நோயாளிகளுக்குப் புண் ஆறுறதைப் பார்த்தார். கூடவே சிலருக்கு முகமும் காலும் வீங்கிச்சு. உடம்புல உப்பு தங்குது! பின்னாடி ஆம்ஸ்டர்டாம்ல அதையே அடிசன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. வேலை செஞ்சது.

ஆனா ஒரு கண்டிஷன். கார்ட்டிசால் மாதிரி ஹார்மோன் கொஞ்சமாவது உடம்புல இருந்தாத்தான் வேலை செய்யும். சுத்தமா இல்லைன்னா பலிக்காது. ஏன்னு 1987-ல எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள் விளக்கினாங்க. கிட்னியில கார்ட்டிசாலை முடக்குற ஒரு நொதி இருக்கு. அதிமதுரம் அந்த நொதியைத் தடுக்குது. முடங்காத கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் செய்யற வேலையைச் செய்ய ஆரம்பிக்குது. நம்ம பாஷையில சொன்னா, சர்வரை யாரும் சரி பண்ணல, ஃபயர்வாலைத்தான் ஆஃப் பண்ணியிருக்காங்க. அதனாலதான் அளவு மீறி அதிமதுரம் எடுத்தா பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க வீட்டுல இதைச் சொல்லி வைங்க.

அதுக்கு நடுவுல 1948-ல இன்னொரு பெரிய விஷயம் நடந்துடுச்சு. மேயோ கிளினிக்ல ஹென்ச், முடக்குவாதத்துல படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு அட்ரீனல் ஹார்மோனான கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாள்ல எந்திரிச்சு நடந்தாங்க. 1950-ல நோபல் பரிசு. 1952-லயே கெட்ட செய்தியும் வந்துடுச்சு. மூட்டுவலிக்குக் கார்ட்டிசோன் எடுத்துட்டிருந்த ஒருத்தர், ஆபரேஷனுக்கு அப்புறம் பிரஷர் இறங்கி மீளாமலே இறந்துட்டார். அவரோட அட்ரீனல் சுருங்கிக் கிடந்தது. வெளியில இருந்து ஹார்மோன் வந்துட்டே இருந்தா மூளை ஆர்டர் கொடுக்கிறதை நிறுத்திடும். சுரப்பி ஸ்கேல் டவுன் ஆயிடும். வெளிவரத்து திடீர்னு நின்னா, திரும்ப எழுந்திரிக்க மாசக்கணக்காகும்.

இது ஏதோ அமெரிக்கக் கதைன்னு நினைக்காதீங்க. எங்க பெரியம்மா இருபது வருஷம் தார் சுத்தினவங்க. முட்டிவலிக்கு யாரோ சொன்னாங்கன்னு ஒரு வைத்தியர்கிட்ட பொட்டலம் வாங்கி ரெண்டு வருஷம் சாப்பிட்டாங்க. “பச்சிலைதானுங்க, பக்கவிளைவே இல்ல”ன்னு கொடுத்தது. வலி மாயமாப் போச்சு. முகம் பூசினாப்ல ஆச்சு, சொந்தக்காரங்க எல்லாம் “நல்லா தேறிட்டீங்க அக்கா”ன்னாங்க. சர்க்கரையும் ஏறுச்சு. ஒரு தீபாவளிக்கு அப்புறம் பொட்டலம் கிடைக்கல, நிறுத்திட்டாங்க. ரெண்டே வாரத்துல வாந்தி, தலைசுத்தல், எந்திரிச்சா கீழ விழுறாங்க. ஈரோட்டுக்குத் தூக்கிட்டு ஓடினோம். பிரஷர் எண்பதுக்குக் கீழ. அங்க இருந்த டாக்டர் முகத்தைப் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி, “என்ன பவுடர் சாப்பிட்டீங்கம்மா?” சலைன், ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி. அப்புறம் எட்டு மாசம் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சாங்க. பேர் போடாத வலிப் பொட்டலங்கள்ல ஸ்டீராய்டு கலக்குறது இந்தியா முழுக்க டாக்டருங்க பார்க்கிற விஷயம்.

இப்ப உங்க கேள்வி. ‘அட்ரீனல் ஃபெட்டீக்’ங்கிற பேரை 1998-ல ஜேம்ஸ் வில்சன்னு ஒரு அமெரிக்கர் வெச்சார். 2016-ல பிரேசில்ல ரெண்டு பேர் 58 ஆய்வுகளை அலசி, அப்படி ஒரு நோய் இருக்கிறதுக்கு ஆதாரமே இல்லைன்னு எழுதினாங்க. உங்க சோர்வு பொய்யின்னு நான் சொல்லல. கார்ட்டிசால் விடியக்காலை ஏறும், நடுராத்திரி இறங்கும். ராத்திரி ஷிப்ட்டுல தறி ஓட்டுறவருக்கும் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிற நமக்கும் அந்தத் தாளம் குழம்பும். அதுக்குத் தூக்கம்தான் வழி. சோர்வுக்குப் பின்னாடி ரத்தசோகை, தைராய்டு இருக்கான்னும் பார்க்கணும்.

உடம்பு இளைக்குது, தோல் கறுக்குது, உப்பு மேல ஆசை வருது, எந்திரிச்சா தலை சுத்துதுன்னா அது வேற. காலை எட்டு மணி வாக்குல ரத்தத்துல கார்ட்டிசால் பார்க்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. வீட்டுல யாராவது வலிப் பொட்டலம் ரொம்ப நாளா சாப்பிட்டா, சட்டுனு நிறுத்தச் சொல்லாதீங்க. பொட்டலத்தையும் எடுத்துட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அந்த இன்ஸ்டா பவுடரை நான் வாங்க மாட்டேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.