யாருக்காகவும் எழுதப்படாத நோட்டு

1942 மே மாதம், அமெரிக்காவின் நியூ ஹேவனில், ப்ரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி திடீரென்று இறந்துபோனார். வயது 58. மானுடவியலில் அன்றைக்கு அவரைவிடப் பெரிய பெயர்கள் அதிகம் கிடையாது. யேல் பல்கலைக்கழகத்தில் அவர் விட்டுச்சென்ற காகிதக் குவியலைப் பிரித்து அடுக்க, மாணவராகவும் நண்பராகவும் இருந்த ஃபெலிக்ஸ் கிராஸ் உதவிக்கு வந்தார். கையெழுத்துப் பிரதிகளுக்கு நடுவே சிறிய, தடித்த, கறுப்பு நிற நோட்டு ஒன்று அகப்பட்டது. உள்ளே இருந்தது மாலினோவ்ஸ்கியின் கையெழுத்து, மொழி போலிஷ். கிராஸும் போலந்துக்காரர். நோட்டைப் புரட்டி, சில இடங்களை வாய்மொழியாக ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்தவர் மாலினோவ்ஸ்கியின் மனைவி வலேட்டா.

வலேட்டா ஓவியர், மாலினோவ்ஸ்கியின் இரண்டாவது மனைவி. நோட்டு எழுதப்பட்ட 1917, 1918-இல் அவர் இந்தக் கதையிலேயே இல்லை. அதில் நாள் தவறாமல் வருகிறவர் எல்ஸி மேஸன்: மெல்போர்னில் செவிலியர், வேதியியல் பேராசிரியர் ஒருவரின் மகள், பிறகு மாலினோவ்ஸ்கியின் முதல் மனைவி, மூன்று பெண்களின் தாய். 1935-இல் அவர் காலமாகிவிட்டார். ஆக, கணவனின் இளமையும் அவனுடைய பழைய காதலும், தனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு மொழியில், வலேட்டாவின் கைக்கு வந்து சேர்ந்தன. 1946-இன் கடைசியில் மெக்சிகோவில் குடியேறியபோது நோட்டையும் கூடவே எடுத்துப்போனார்.

நோட்டு பிறந்த கதைக்கு 1914-க்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவில் நடக்கவிருந்த பிரிட்டிஷ் அறிவியல் கழக மாநாட்டுக்கு லண்டனிலிருந்து புறப்பட்டார் மாலினோவ்ஸ்கி. கூட வந்தவர் பால்ய நண்பர் ஸ்தாஸ் வித்கியேவிச், பிற்காலத்தில் போலந்தின் பெரிய நாடகாசிரியர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஸ்தாஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்திருந்தாள். மனம் சிதறிப்போயிருந்தவரைப் படம் எடுக்கவும் வரையவும் என்று பேர் பண்ணி அழைத்துவந்திருந்தார். வழியில் இலங்கையில் இறங்கி கொழும்பு, கண்டி என்று சுற்றினார்கள். இருவரும் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த நேரத்தில் ஐரோப்பாவில் போர் மூண்டது. மாலினோவ்ஸ்கி பிறந்த கிராக்கூஃப் அப்போது ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. ஆகவே பிரிட்டிஷ் மண்ணில் அவர் எதிரி நாட்டுக் குடிமகன். ஸ்தாஸோ ரஷ்யக் குடிமகன், அந்தப் படையில் சேரப் புறப்பட்டுவிட்டார். நண்பர்கள் கசப்போடு பிரிந்தார்கள். ஆஸ்திரேலிய அரசு மாலினோவ்ஸ்கியைச் சிறையில் தள்ளவில்லை. பப்புவாவுக்குப் போய் வேலையைப் பார் என்று அனுமதித்தது, கொஞ்சம் பணமும் கொடுத்தது. 1914 செப்டம்பரில், பப்புவாவில், அவருடைய கள நாட்குறிப்பு தொடங்குகிறது.

அவர் கையில் இரண்டு விதமான எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று களக்குறிப்பு: சடங்கு, தோட்டம், மந்திரம், உறவுமுறை. அது துறைக்கு. இன்னொன்று துறைக்குள் விடக்கூடாத எல்லாவற்றுக்கும். அதைப் போலிஷில் எழுதினார், நடுவே ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, தீவு மொழிச் சொற்கள் என்று கைக்கு வந்ததையெல்லாம் கலந்துகொண்டு. தினம் காலையில் உடம்பு எப்படி இருக்கிறது என்பதில் ஆரம்பிப்பார். குயினைன் எடுத்தது, ஆர்சனிக் எடுத்தது, தலை கனத்தது. பப்புவாவை ஒட்டிய ட்ரோப்ரியாண்டுத் தீவுக்காரர்கள் மேல் எரிச்சல். சில இடங்களில் அருவருக்கத்தக்க இனவெறி வார்த்தைகள். 'மாண்டி கிறிஸ்டோ'வைக் கீழே வைக்க முடியாமல் படித்தது, 'ஜேன் அயர்' படித்தது, படித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டது. எல்ஸிக்காக ஏங்குவது. அதே நேரத்தில், அடிலெய்டில் இருந்த நீனா ஸ்டர்லிங் என்ற இன்னொரு பெண்ணுடன் உறவை இன்னும் முறித்துக்கொள்ளவில்லையே என்று குமைவது. மறுநாளிலிருந்து நாவல் கிடையாது, பெண் நினைப்பு கிடையாது, வேலை மட்டும் என்று சபதம். சபதம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

1918 ஜூனில் அம்மா இறந்த செய்தி வருகிறது. போர்முனைகளுக்கு அப்பால், போலந்தில், ஜனவரியிலேயே போய்விட்டார். ஒற்றைப் பிள்ளையைக் கண் நோயிலிருந்து காப்பாற்றப் பாடங்களைத் தானே வாசித்துக்காட்டி வளர்த்தவர் அவர். அதன் பிறகு வரும் பக்கங்கள் வேறு தரத்தில் இருக்கின்றன. புகாரும் சபதமும் குறைந்து, குழந்தைப் பருவம் துண்டு துண்டாக மேலே வருகிறது. ஜூலையில் நோட்டு நின்றுவிடுகிறது. இந்தக் கடைசிப் பகுதிக்காக மட்டுமே இதை இலக்கியம் என்று சொல்லலாம் என்பது என் எண்ணம்.

1922-இல் 'மேற்குப் பசிபிக்கின் ஆர்கோநாட்டுகள்' வெளிவந்தது. சிவப்புச் சிப்பி ஆரங்களும் வெள்ளைச் சங்கு வளைகளும் தீவுக்குத் தீவு எதிரெதிர் திசையில் சுற்றிவரும் 'குலா' பரிமாற்றத்தைப் பற்றிய நூல். அதன் முன்னுரைதான் களஆய்வின் வேதமானது. வெள்ளைக்காரர்களின் சகவாசத்தை விட்டு விலகு, ஊருக்கு நடுவில் கூடாரம் போடு, அவர்களுடைய மொழியில் பேசு, அவர்கள் கண்ணால் உலகத்தைப் பார். ஐம்பது ஆண்டுகள் உலகெங்கும் மாணவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் ஊர்களுக்குக் கிளம்பினார்கள். நாட்குறிப்பிலோ, அந்த விலகல் அவ்வளவு சுத்தமாக இல்லை. பில்லி ஹான்காக், ரஃபயேல் ப்ரூடோ ஆகிய முத்து வியாபாரிகளின் வீடுகளுக்கு அவர் அடிக்கடி போய்த் தங்குகிறார், அங்கே பேச்சுத் துணையும் சாப்பாடும் கிடைக்கின்றன.

இதை வைத்து 'ஆர்கோநாட்டுகள்' பொய் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நூலில் இருக்கும் நுணுக்கங்களை வியாபாரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சேர்த்திருக்க முடியாது. பொய்யாகிப்போனது முன்னுரையில் நடமாடும் அந்த மனிதர்தான்: சலிப்பே வராதவர், கோபமே வராதவர், அந்நியமாக உணராதவர். நோட்டு மாலினோவ்ஸ்கியை வேலைக்கு இழுத்துவரும் சாட்டையாக இருந்திருக்கிறது. அடித்துக்கொண்ட தழும்பை யாருக்கும் காட்டுவதாக இல்லை.

காட்டியவர் வலேட்டா. பிற்பாடு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலிருந்து மிச்சக் காகிதங்கள் வந்தபோது, மாய்லு தீவில் இருந்த 1914-15 காலத்து நாட்குறிப்பும் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து வெளியிட 1960 வாக்கில் முடிவுசெய்தார். நார்பர்ட் குட்டர்மன் மொழிபெயர்த்தார். மாலினோவ்ஸ்கியின் சீடர்களில் மூத்தவரான ரேமண்ட் ஃபர்த் முன்னுரை எழுதினார். 1967-இல் புத்தகம் நியூயார்க்கிலும் லண்டனிலும் வந்தது: 'சொல்லின் கறாரான பொருளில் ஒரு நாட்குறிப்பு'. மிக அந்தரங்கமான சில வரிகளை நீக்கி, நீக்கிய இடங்களில் புள்ளிகள் வைத்திருந்தார் வலேட்டா. ஓர் அறிஞனின் உள்மனத்தைக் காட்டும் எழுத்தைப் பூட்டிவைக்கத் தனக்கு உரிமை இல்லை என்பது அவருடைய வாதம்.

சீடர்கள் கொதித்தார்கள். இயன் ஹாக்பின் எழுதிய மதிப்புரை, இது யாருக்கும் எதற்கும் பயன்படாத புத்தகம் என்று தீர்த்துக்கட்டியது. மானுடவியலாளர் க்ளிஃபர்ட் கியர்ட்ஸ் 'நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில் எழுதியது வேறு ரகம். தன்னிலேயே மூழ்கிய, நோய்ப்பயம் பிடித்த ஒருவரின் சித்திரத்தைத் தயவில்லாமல் தீட்டிவிட்டு, மெதுவாக ஒரு கேள்வியின் பக்கம் திரும்பினார். சில ஆண்டுகள் கழித்து அதை வெளிப்படையாகவே கேட்டார்: தீவுக்காரர்களை இவருக்குப் பிடிக்கவில்லை, அவர்களாக இவர் ஆகவும் இல்லை; அப்படியிருந்தும் அவர்களை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டாரே, எப்படி? மானுடவியலாளரின் மூலதனம் பரிவு என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது.

அந்தரங்கம் என்று சீடர்கள் கூச்சலிட்டதில்தான் எனக்கு ஒரு வேடிக்கை தெரிகிறது. 1929-இல் ட்ரோப்ரியாண்டு மக்களின் காதலையும் படுக்கையையும் பற்றித் தடித்த நூல் ஒன்றை வெளியிட்டவர் மாலினோவ்ஸ்கி. அதில் வரும் ஒரு சம்பவம்: ஒமரகானா ஊர்த் தலைவர் தோஉலுவாவின் செல்ல மகன் நம்வானா குயாஉ, தன் மனைவியோடு தொடர்பு என்று மிதகத்தா மேல் குற்றம் சாட்டினான். மிதகத்தாவை வெள்ளைக்கார அதிகாரி சிறையில் அடைத்தார். அன்றிரவே மிதகத்தாவின் தாய்வழிச் சொந்தங்கள் தலைவரின் மகனை ஊரைவிட்டே விரட்டின. பெயர் சொல்லி, ஊர் சொல்லி, லண்டன் கடைகளில் விற்கப்பட்ட கதை இது. நம்வானா குயாஉவின் சம்மதத்தைப் பற்றி எந்த மதிப்புரையாளரும் அன்று கவலைப்படவில்லை. ஆசிரியரின் அந்தரங்கம் கடைக்கு வந்தபோதுதான் துறைக்குக் கூச்சம் வந்தது.

இன்னொரு நோட்டுக் கதையும் நினைவுக்கு வருகிறது. 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் ஒரு தீவைப்பில் மானுடவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் பதினெட்டு ஆண்டுகளாக வகைப்படுத்திவைத்த குறிப்புகள், மூன்று பிரதிகளும், எரிந்துபோயின. மைசூருக்கு அருகே ராம்புரா கிராமத்தில் 1948-இல் செய்த ஆய்வின் சாரம் அவை. ஞாபகத்திலிருந்தே எழுதுங்கள் என்று சக ஆய்வாளர் சோல் டாக்ஸ் சொல்ல, 1976-இல் 'தி ரிமெம்பர்டு வில்லேஜ்' வந்தது. அதில் ஊர்க்காரர்களோடு ஸ்ரீனிவாஸும் நடமாடுகிறார், தன் பிராமண வளர்ப்பும் தயக்கங்களுமாக.

அதற்கு முன்பு இப்படி எழுதச் சிலருக்கு முகமூடி தேவைப்பட்டது. லாரா போஹனன் தன் நைஜீரியக் கள அனுபவத்தை 1954-இல் நாவலாக்கியபோது எலனோர் ஸ்மித் போவன் என்ற புனைபெயருக்குப் பின்னால் நின்றார். நாட்குறிப்பு அச்சான பத்தே ஆண்டில், 1977-இல், பால் ராபினோ மொராக்கோவில் தான் திணறியதைச் சொந்தப் பெயரில் புத்தகமாக்கினார். 1986-இல் வந்த 'ரைட்டிங் கல்ச்சர்' தொகுப்புக்குப் பிறகு, எழுதுகிறவன் யார், எந்த அதிகாரத்தில் எழுதுகிறான் என்பதைச் சொல்லாமல் ஆய்வேடு எழுதுவதே சங்கடமாகிவிட்டது. இதற்கு விலையும் இருந்தது. சில நூல்களில் ஊர் கரைந்துபோய் ஆய்வாளரின் மனக்கசப்பு மட்டுமே மிஞ்சுகிறது. அவற்றைப் படிக்கும்போது தோட்டத்துக் கிழங்குகளைக் குவியல் குவியலாக எண்ணிய மாலினோவ்ஸ்கியின் பொறுமை மேல் மதிப்பு கூடுகிறது.

1967 முன்னுரையில் ஃபர்த் இந்த நாட்குறிப்பை, இனவரைவியல் நோக்கில், துறை வரலாற்றின் ஓர் அடிக்குறிப்பு என்ற அளவில்தான் வைத்திருந்தார். 1989 பதிப்புக்கு இரண்டாவது முன்னுரை எழுதியபோது அந்த மதிப்பீட்டை மாற்றிக்கொண்டார்: களத்தில் இருக்கும் ஆய்வாளரின் நிலையைப் புரிந்துகொள்ள மிக முக்கியமான பங்களிப்பு இது என்றார். அப்போது அவருக்குத் தொண்ணூறு நெருங்கிக்கொண்டிருந்தது.

1995-இல் மாலினோவ்ஸ்கியின் கடைசி மகள் ஹெலனா வெய்ன், தன் தாயும் தந்தையும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ட்ரோப்ரியாண்டிலிருந்து எல்ஸிக்குப் போன ஆங்கிலக் கடிதங்களும் அதே நாட்களின் போலிஷ் நாட்குறிப்பும் இப்போது ஒரே மேசையில் கிடக்கின்றன. தேதி பார்த்துப் படித்துக்கொண்டே போகலாம். நீனா விஷயம் எல்ஸிக்குத் தெரியவந்தபோது கல்யாணமே நின்றுபோகும் அளவுக்குப் பிரச்சினையானது. 1919 மார்ச்சில்தான் மணந்துகொண்டார்கள்.

நோட்டு கடைசியில் தன் மொழிக்குத் திரும்பியது. 2002-இல் கிராக்கூஃபில் கிராஷினா குபித்சா பதிப்பித்த போலிஷ் நூலில் 1908 முதல் 1918 வரையிலான நாட்குறிப்புகள் உள்ளன, வலேட்டா நீக்கிய இடங்கள் உட்பட. ஆங்கிலத்தில் படிக்கிறவர்களின் கையில் இருப்பது புள்ளிகள் வைத்த 1967-இன் பிரதிதான்.