ராகிங் என்ற நாடகமும் அதை நிறுத்தும் நாடகமும்

1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டபோது தமிழகமே அதிர்ந்தது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் விடுதி அறையில் அது நடக்கும்போது சுற்றி நிற்கும் பத்துப் பேர் என்ன செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லித் தருவதில்லை.

யோசித்துப் பார்த்தால் ராகிங்கே ஒரு நாடகம்தான்! வசனம் சீனியருடையது, நடிப்பது ஜூனியர், சிரிப்பது மற்றவர்கள். பள்ளியில் பட்டப்பெயர் வைத்து ஒருவனை அழவைப்பதும் இதேதான். பார்க்க ஆளில்லை என்றால் பாதி நாள் இந்த நாடகமே நடக்காது.

நாடகம் மேடையை விட்டு மக்களிடம் இறங்கி வந்த கதையில் திண்டுக்கல்லுக்கும் பங்கு உண்டு. சின்னாளபட்டியை ஒட்டிய காந்திகிராமத்தில் 1977இல் 70 நாள் நாடகப் பயிற்சி முகாம் நடந்தது. நடத்தியது டெல்லி தேசிய நாடகப் பள்ளி. அதில் கலந்துகொண்ட மு.ராமசாமி அடுத்த ஆண்டு மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். பிறகு வீதி நாடகங்கள் பரவின. 1990களில் அறிவொளி இயக்கத்தின் கலைக்குழுக்கள் கிராமம் கிராமமாகப் போயின. ஆனாலும் நடிப்பவர் பேச, கூட்டம் கேட்டுவிட்டுக் கைதட்டி வீட்டுக்குப் போனது.

அந்தக் கூட்டத்தையே எழுப்பிவிட்டவர் பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால். 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்தபோது ஒரு பெண்ணின் கதையை நாடகமாகப் போட்டார். மாதாமாதம் மனைவியிடம் பணம் வாங்கிய கணவன் அதற்கு 'ரசீது' கொடுத்து வந்தான். படிக்கத் தெரியாத அவளுக்கு அவை காதலியின் கடிதங்கள் என்று பிறகுதான் தெரிந்தது! (இப்படியும் ஒரு கணக்கு வழக்கு.) நடிகர்கள் காட்டிய முடிவு எதுவும் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. 'நீங்களே வந்து நடியுங்கள்' என்றார் போவால். அவள் மேடையேறி, கணவனாக நடித்தவரைத் துடைப்பத்தால் விளாசிவிட்டாள். மன்ற நாடகம் பிறந்தது அப்படித்தான். மேற்கு வங்கத்தில் 1985இல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி இதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது.

வகுப்பறைக்கு இது அப்படியே பொருந்தும். டிபன் பாக்ஸைப் பிடுங்கும் காட்சியை ஒருமுறை முழுதாக நடிக்க வேண்டும். இரண்டாம் முறை யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று சொல்லி, பறிகொடுத்தவனின் இடத்துக்கு வரலாம். ஒரே நிபந்தனை, வம்பு செய்பவனாக நடிப்பவன் சுலபத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலில் வருபவன் அடிக்கப் பார்ப்பான், தோற்பான். அடுத்தவன் கெஞ்சிப் பார்ப்பான். மூன்றாவதாக ஒருத்தன் சிரித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தின் பக்கம் திரும்பி, நண்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.