அண்ணாச்சியின் பிக்கப்பும் மூன்றரை அங்குல இன்ஜினும்

போன வருஷம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு அண்ணாச்சி போன் பண்ணினார். புனேயில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு முருங்கைக்காய், வாழைப்பூ, சின்ன வெங்காயம், இட்லி மாவு எல்லாம் அவர் கடையில்தான். "தம்பி, ஒரு பிக்கப்பு விலைக்கு வந்திருக்கு. 2015 மாடல். மூணு இருபது சொல்றான். இன்ஜின்ல கொஞ்சம் வேலை இருக்காம். நீங்க இன்ஜினியர்தானே, ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்றார்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர் :-) என்பதை அண்ணாச்சிக்கு எட்டு வருஷமாக விளக்கிப் பார்த்துவிட்டேன். பிம்ப்ரியிலும் ஆகுர்டியிலும் வண்டி செய்கிறவர்கள் நடுவே குடியிருப்பவனுக்கு இது தெரியாதா என்பது அவர் கட்சி.

விஷயம் சின்னதில்லை. மார்க்கெட் யார்டுக்குப் போய்வர அவர் தினமும் டெம்போவுக்கு 1,500 ரூபாய் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார். சொந்த வண்டி என்றால் டீசல், இன்சூரன்ஸ் எல்லாம் போக மாசம் இருபதாயிரம் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. ஆனால் வண்டிக்குப் போடப்போகும் பணம் மகளின் கல்லூரிக்கென்று வைத்திருந்தது. ஜூனில் ஃபீஸ் கட்ட வேண்டும்.

வண்டி பார்க்கப் போகும் வழியில் அண்ணாச்சி ஒரு வாக்கியம் சொன்னார். "இன்ஜினுக்கு என்ன தம்பி, போர் அடிச்சு, பிஸ்டன் மாத்துனா புதுசு மாதிரி ஆயிடும். பாடியும் சேஸும்தான் பாக்கணும்." இதே வாக்கியத்தை என் மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன், லாரி வைத்திருந்த அவருடைய அப்பாவும் சொல்லியிருப்பார். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கப் படை இங்கே விட்டுப்போன ஜீப்புகளும் டிரக்குகளும் 'டிஸ்போசல்ஸ்' ஏலத்துக்கு வந்தன. துர்காபூர் பக்கத்தில் பானாகட் என்ற ஊரில் போர்க்கால அமெரிக்கக் கிடங்கு இருந்தது. அந்த ஊர் இன்றைக்கும் பழைய வண்டிகளுக்கும் பாகங்களுக்கும் பேர்போனது. சுதந்திர இந்தியா லைட் டிரக் ஓட்டப் பழகியதே ஒரு செகண்ட்ஹேண்ட் சந்தையில்தான் என்றுகூடச் சொல்லலாம்.

1945-ல் கே.சி. மஹிந்திரா, ஜே.சி. மஹிந்திரா சகோதரர்கள் குலாம் முகமதுவோடு சேர்ந்து 'மஹிந்திரா அண்ட் முகமது' தொடங்கினார்கள். 1947-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்தார்கள். பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதியமைச்சராகி, 1951-ல் கவர்னர் ஜெனரலும் ஆனார். கம்பெனி 1948-ல் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. இனிஷியலை மாற்றும் செலவு மட்டும் மிச்சம்!

அடுத்து நடந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். வெறுமனே உதிரிகளை இறக்கிப் பூட்டுகிறவர்கள் வேண்டாம், இங்கேயே செய்கிறவர்கள் மட்டும் இருக்கலாம் என்று 1953-ல் அரசு முடிவெடுத்தது. 1928 முதல் பம்பாயில் கார் பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கடையைக் கட்டியது. ஃபோர்டும் போனது. மிச்சமிருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகள். புது மாடலுக்கு லைசென்ஸ், இறக்குமதிக்கு லைசென்ஸ், உற்பத்தியைக் கூட்டவும் லைசென்ஸ். அதனால் ஒருமுறை வந்த இன்ஜின் லேசில் போகவில்லை. அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திவிட்ட சிஜே-3பி ஜீப், இங்கே அதற்குப் பிறகும் பல காலம் வந்துகொண்டே இருந்தது.

வாங்குகிறவனுக்கு இது கொடுமை. புது வண்டிக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. ஆனால் பட்டறைக்காரனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. ஒரே இன்ஜின் முப்பது வருஷம் ஓடினால் அதன் ஒவ்வொரு போல்ட்டும் அவனுக்கு மனப்பாடம் ஆகிவிடும். பாகம் செய்யவும் இங்கேயே ஆள் வந்தார்கள். சென்னை செம்பியத்தில் 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், பெங்களூரில் 1951-ல் வந்த மைக்கோ (2008-ல் அதன் பெயர் பாஷ் என்று மாறியது) இரண்டும் நம்மூர் மெக்கானிக்குகள் வாயில் குலதெய்வப் பெயர் மாதிரி. டீசல் பம்ப் என்றாலே மைக்கோதான். லேத், போரிங் மிஷின், வால்வு சீட் வெட்டும் கருவி என மூன்றும் இருந்தால் தாலுகா தலைநகரிலேயே ஒரு இன்ஜினை முழுசாகப் புதுப்பிக்க முடிந்தது.

இன்ஜினையே தூக்கி மாற்றுவதும் சகஜமாக இருந்தது. சென்னையில் சிம்ப்சன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினை, பெட்ரோல் லாரிகளில் வைத்து ஓட்டினார்கள். 1973-ல் எண்ணெய் விலை எகிறிய பிறகு பெட்ரோல் ஜீப், அம்பாசடர் எல்லாவற்றுக்கும் டீசல் இன்ஜின் மாற்றும் பைத்தியம் பிடித்தது. ஆர்டிஓவில் எழுதி ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு, ஏற்றாதவர்களும் உண்டு. வண்டி என்றால் சேஸ், இன்ஜின் என்றால் அதில் வைக்கிற பண்டம். அண்ணாச்சியின் வாக்கியம் பிறந்தது இங்கேதான்.

(இன்னொரு பக்கக் கதை. 1958-ல் தொடங்கிய பஜாஜ் டெம்போவின் வண்டிகள் எவ்வளவு ஓடின என்றால், எந்தக் கம்பெனியின் சரக்கு வண்டியாக இருந்தாலும் நமக்கு அது 'டெம்போ'. 2005-ல் கம்பெனியே பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டது. தமிழில் இன்னும் மாறவில்லை.)

எண்பதுகளில் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிஸ்ஸான், ஸ்வராஜ் மஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி. வண்டிகள் நயமானவை. 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறியதில் உதிரி பாகங்களின் விலையும் ஏறிப்போனது. 1986-ல் வந்த டாடா 407 அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. 2005-ல் அதே டாடாவின் ஏஸ், நம் 'குட்டியானை', 702 சிசி, இரண்டே சிலிண்டர்.

இப்போது அண்ணாச்சி பார்த்த வண்டி. மஹிந்திரா பிக்கப், 2523 சிசி. இந்த எண்ணைக் கொஞ்சம் நோண்டினால் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிலிண்டர் விட்டம் 88.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 101.6 மில்லிமீட்டர். இப்படியா ஒருவன் அளவு வைப்பான்? அங்குலத்தில் மாற்றிப் பாருங்கள். மூன்றரை அங்குலம், நான்கு அங்குலம், கச்சிதம். இது இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செய்த டிராக்டர்களின் இன்ஜின் வம்சம். 1963-ல் அந்தக் கம்பெனியோடு மஹிந்திரா சேர்ந்து இங்கே டிராக்டர் கம்பெனி தொடங்கி, பி-275 டிராக்டரைச் செய்தார்கள். அதன் இன்ஜின் ஜீப்புக்குள் ஏறியது. நடுவில் ஃபிரான்ஸின் பெஜோவிடம் லைசென்ஸ் வாங்கிய எக்ஸ்டிபி 4.90 வந்தது (4 சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம், பெயரிலேயே ஜாதகம்). டிராக்டர் ரத்தமும் கூடவே ஓடியது. விட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் ஆக்கி, டர்போ வைத்து, கடைசியில் காமன் ரயிலும் ஏற்றிவிட்டார்கள். உழவுக்குப் பிறந்த இன்ஜின், கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு வெங்காயம் சுமக்கிறது.

சிக்கலும் இந்தக் கடைசிப் படியில்தான். பாரத் ஸ்டேஜ் 4 விதி 2010-ல் புனே உட்பட சில பெரிய நகரங்களுக்கும் 2017-ல் நாடு முழுக்கவும் வந்தது. 2020-ல் ஸ்டேஜ் 6. புகையைக் குறைக்க டீசலைப் பொடிப்பொடியாகத் தூவ வேண்டும், அதற்கு அழுத்தம் வேண்டும். பழைய நாசில் சில நூறு பாரில் திறக்கும். காமன் ரயிலில் ஆயிரத்துக்கு மேல். எப்போது, எவ்வளவு நேரம் திறப்பது என்று ஒரு மின்னணுப் பெட்டி சொல்லும். கீழே இருக்கிற இரும்பு தாத்தா காலத்தது, மேலே இருக்கிற வேலை பேரன் காலத்தது. தாத்தாவைத் தாலுகா பட்டறையில் குணப்படுத்தலாம். பேரனுக்கு ஸ்பெஷலிஸ்ட் வேண்டும்.

போசரியில் எனக்குத் தெரிந்த ஒரு வயசான மராட்டிய மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனோம். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. விற்கிறவர் நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் டீ சாப்பிடலாம் என்று எங்களை இரண்டு மணி நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டார். ஆறின பிறகு ஸ்டார்ட் பண்ணினால் நாலு முறை இழுத்து, வெள்ளையாகப் புகை கக்கி, அப்புறம்தான் பிடித்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். புஸ்புஸ்ஸென்று காற்று. பேக் கம்ப்ரஷன். ஆர்.சி.யையும் இன்ஜினில் அடித்திருந்த நம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது. சேஸில் வெல்டிங் இல்லை. வண்டி மேல் குற்றமில்லை, ஃபில்டர் மாற்றாமல் ஓட்டியவர் மேல்தான்.

மெக்கானிக் கணக்குச் சொன்னார். ஸ்லீவ், பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் வேலை எல்லாம் சேர்த்து எழுபதாயிரம், அதற்கு அவர் உத்தரவாதம். இன்ஜெக்டர் நான்கையும் ஹை பிரஷர் பம்பையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டால்தான் தெரியும். நாற்பதாயிரமும் ஆகலாம், ஒரு லட்சமும் ஆகலாம். "இரும்புக்கு நான் ஜவாப், அதுக்கு மேல நான் இல்ல" என்று ஹிந்தியில் சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். கழற்ற அனுமதிக்க முடியாது, முதலில் அட்வான்ஸ் என்றார் விற்கிறவர்.

திரும்பி வரும்போது அண்ணாச்சி கேட்டார். "நீங்க என்ன சொல்றீய?"

பேப்பரில் எழுதிக் காட்டினேன். மூன்று இருபது, அதோடு எழுபது. மேலே நாற்பது என்றால் நாலு முப்பது, ஒரு லட்சம் என்றால் நாலு தொண்ணூறு. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் வருஷாவருஷம் எஃப்.சி. வேலை முடியும் வரை வாடகை டெம்போவும் நிற்காது. "இன்ஜினே இல்லைன்னு வச்சு இந்த வண்டிக்கு என்ன குடுப்பீங்க அண்ணாச்சி? அதுக்கு மேல ஒரு ரூபா குடுக்காதீங்க."

ரொம்ப நேரம் யோசித்துவிட்டு இரண்டு லட்சம் என்றார். கேட்டும் பார்த்தார். விற்கிறவர் இரண்டு எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. அண்ணாச்சி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "அந்தக் காலத்துல எங்க அப்பா இதவிட மோசமான வண்டிய வாங்கி இருபது வருஷம் ஓட்டினாரு" என்று மட்டும் சொன்னார். அவர் அப்பா வாங்கியது மைக்கோ பம்ப் வைத்த வண்டி என்று நான் சொல்லவில்லை.

ஜூனில் ஃபீஸ் கட்டியாயிற்று. ஆகஸ்டில் அவரோடு மார்க்கெட் யார்டுக்குப் போனபோது அதே வண்டி நின்றது, அதே நம்பர், பின்னால் மட்டும் புது பெயின்ட். வெங்காயம் ஏற்றிக்கொண்டு எங்கள் எதிரிலேயே ஸ்டார்ட் ஆனது. முதல் இழுப்பிலேயே பிடித்தது, புகையே இல்லை. அண்ணாச்சி டிரைவரிடம் போய் ரெண்டு நிமிஷம் பேசிவிட்டு வந்தார்.

"நாலும் இன்ஜெக்டர் மாத்தியிருக்கான். பம்பு தப்பிச்சிட்டாம்" என்றார். "எவ்வளவு ஆச்சுன்னு கேட்டேன், சொல்ல மாட்டேங்கான்."