வால்வு மாற்றுவோரும் செய்மதி விடுவோரும்: கிளார்க்கிலிருந்து இராவணா-1 வரை

விண்வெளியில் மனிதர் தங்கும் நிலையம் எதற்கு? 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் பிரித்தானிய எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் தந்த விடை, வானொலி அலைகளை அஞ்சல் செய்ய என்பது. அன்று நெடுந்தூர ஒலிபரப்புக்குச் சிற்றலையே கதி. அதுவோ அயனமண்டலத்தின் போக்கைப் பொறுத்தது. பின்னாளில் வத்தளைக்கு வடக்கே ஏக்கலையிலிருந்து இலங்கை வானொலி கடல் கடந்து கேட்டதும் இந்தச் சிற்றலையின் தயவில்தான்.

புவிமையத்திலிருந்து 42,000 கிலோமீற்றர் தொலைவில், 24 மணித்தியாலத்துக்கு ஒரு சுற்றாக மூன்று நிலையங்கள் என்பது கிளார்க்கின் கணக்கு. நிலையத்தில் குழுவினர் தங்கலாம், ரொக்கெட்டுகள் அவர்களுக்கு உணவும் மாற்றாட்களும் கொண்டுவரும் என்றும் எழுதினார். வானொலிக் கருவிகளில் எரிந்துபோகும் வால்வுகளை (வெற்றிடக் குழாய்களை) மாற்ற ஆள் வேண்டுமே! 1947இல் வால்வுக்கு மாற்றான ட்ரான்சிஸ்டர் பிறந்தது. 1965இல் 'ஏர்லி பேர்ட்' செய்மதி ஆளில்லாமலே அந்தச் சுற்றுப்பாதையில் வேலை செய்தது. தொலைத்தொடர்புக்கும் விண்குழுவினருக்கும் இருந்த உறவு அத்துடன் அறுந்தது. இதற்கிடையே கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறியிருந்தார்.

மனிதர் தங்கிய நிலையங்கள் சில நூறு கிலோமீற்றர் உயரத்திலேயே நின்றுகொண்டன. 1971இல் சல்யூட்-1 முதலாவது. 1984 ஏப்ரலில் இந்தியாவின் ராகேஷ் சர்மா சோயூஸ் டி-11இல் சல்யூட்-7க்குப் போய் ஏறக்குறைய எட்டு நாள் பறந்தார். 2025இல் மற்றோர் இந்தியரான சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். இலங்கையர் எவரும் போகவில்லை. ஆனால் யார் ஏறினார் என்பதை மட்டும் அளவுகோலாக்கினால் இலங்கையின் பங்கு கண்ணில் படாமலே போகும். சர்மா பறந்த அதே 1984இல்தான் கிளார்க்கின் பெயரில் நவீன தொழில்நுட்ப நிலையம் இங்கே உருவானது. கட்டுபெத்தையில் இயங்கும் இன்றைய நிறுவகம் அதன் தொடர்ச்சி.

அந்த நிறுவகமும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகமும் சேர்ந்த 'பேர்ட்ஸ்-3' திட்டத்தில், தரிந்து தயாரத்ன, துலானி சாமிக்கா ஆகிய இரு பொறியியலாளர்கள் இலங்கையின் முதற் செய்மதியான இராவணா-1ஐ உருவாக்கினர். ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை, உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. நேபாளத்தின் முதற் செய்மதியும் உடன் பயணி. இலங்கை நேரப்படி 2019 ஏப்ரல் 18 அதிகாலை, அமெரிக்காவின் வொலப்ஸ் தீவிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகும் சிக்னஸ் சரக்குக் கலத்தில் இராவணா-1 கிளம்பியது. மூன்று நாளில் உயிர்த்த ஞாயிறு. அன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் குண்டு வெடித்தபின் செய்மதியைப் பற்றிப் பேச இங்கே யாருக்கு மனம் வரும்?

மேலே வேலை நடந்துகொண்டிருந்தது. குண்டுவெடிப்புக்கு முன்பே விண்வெளி வீராங்கனை அன் மெக்லெயின் நிலையத்தின் இயந்திரக் கையால் சிக்னஸைப் பற்றி இழுத்திருந்தார். ஜூன் 17இல் ஜப்பானியக் 'கிபோ' கூடத்தின் காற்றடைப்பு அறை வழியாக இராவணா-1 வெளியே விடப்பட்டது. வால்வு மாற்றுவதற்கென்று கிளார்க் கற்பனை செய்த குழுவினர், இங்கே துறைமுகத் தொழிலாளராகச் சரக்கை இறக்கி, ஒரு நாட்டின் முதற் செய்மதியை அனுப்பிவைத்தனர். ரொக்கெட் வாங்க வழியில்லாத நாட்டுக்கு இது மலிவான வாசல். குறையும் உண்டு: ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் விடப்படுவது மெல்லிய காற்றின் உராய்வால் விரைவிலேயே தாழும். இராவணா-1 2021இல் வளிமண்டலத்தில் எரிந்தது.

கட்டுபெத்தை நிறுவகம் பங்கேற்ற 'கிட்சுனே' செய்மதியும் 2022 மார்ச்சில் இதே வாசலால் வெளியேறியது. 2030 அளவில் சர்வதேச நிலையத்தை மூடி இறக்கிவிடுவது நாசாவின் திட்டம். இலங்கை தன் அடுத்த செய்மதிக்கு வேறு வாசலை இப்போதே தேடவேண்டும்.