பிருத்வி ஜப்பான் போன வழி

அட்லஸ் நிறுவனம் 2005-ல் பிளேஸ்டேஷன் 2-க்குக் கொண்டுவந்த 'டிஜிட்டல் டெவில் சாகா 2' விளையாட்டில் ஆர்கில்லா என்ற பெண் பிருத்வியாக உருமாறி எதிரிகளைத் தின்பாள். எங்க ஊரில் பிருத்வி என்றால் ஏகாம்பரநாதர் கோயில் மணல் லிங்கம். அபிஷேகத் தண்ணீர்கூட ஆவுடையாருக்குத்தான், லிங்கத்தின்மேல் படக்கூடாது. அவள் எப்படி அங்கே போனாள்?

வழியில் காஞ்சியும் வருகிறது. யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் இங்கே பௌத்தம் செழித்திருந்ததை எழுதியிருக்கிறார். பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் காஞ்சியில் இருந்ததாகச் சொல்லப்படும் வஜ்ரபோதி, 720 வாக்கில் சீனா சேர்ந்தார். அவர் சீடர் அமோகவஜ்ரர், அவர் சீடர் ஹுய்குவோ. ஹுய்குவோவிடம் கற்ற கூக்காய் 806-ல் ஜப்பான் திரும்பினார். அந்த மரபில் அக்னி, வருணன், வாயு, இந்திரன், பிருத்வி எல்லாரும் பன்னிரண்டு காவல் தேவர்களில் சேர்த்தி. பிருத்விக்கு அங்கே பேர் 'ஜிதென்'.

காவல்காரர்களைப் பசிக்காரர்களாக்கியது கேம். சண்டையில் எதிரியின் பலவீனம் பார்த்து அடித்தால் அரை வாய்ப்புதான் செலவு. அடி பலிக்கலைன்னா கூடுதலாகப் போகும். எதிரிக்கும் இதே கணக்கு, அதனால் ஒரு தப்படியில் மொத்தக் குழுவும் காலி. மந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கணும் (கோயில் ஊர்க்காரனுக்கு இது புதுசில்ல), தின்று சேர்த்த புள்ளிகளால் தேறணும். இரண்டாம் பாகத்தில் மந்திரங்கள் அறுகோணக் கட்டங்கள். ஒன்றில் தேறினால்தான் பக்கத்துக் கட்டம் திறக்கும். ஹுய்குவோ சம்மதித்திருப்பார்.

ஆங்கிலத்தில் வருணன் 'வர்ணா' ஆகிவிட்டான், அது எரிச்சல். ஆர்கில்லா என்ற பேர் மட்டும் கச்சிதம்: லத்தீனில் களிமண். முதல் பாகத்தில், பசியிலும் தின்ன மாட்டேன் என்று அழுதவள் அவள்தான்.