நாகபுரி வழியே வந்த கடிதம்

கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இடையே தொலைவு எவ்வளவு? வங்கத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துச் சிறுவனைக் கேட்டால் ‘இரண்டேகால் மணி நேரம்’ என்பான். அவன் பாட்டனாரோ ‘இரண்டு இரவுகள்’ என்றிருப்பார். ஊர்விட்டு வந்தோர்க்குத் தொலைவு என்பது காலமே.

1900-ஆம் ஆண்டில் ராஜமுந்திரியில் கோதாவரியின் மீது ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் இவ்விரு நகரங்களும் கீழைக்கரை வழியே இணைந்தன. ரயில் வழி ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். வானில் நேர்க்கோடிட்டால் சுமார் 1,385 கிலோமீட்டரே. ஆயினும் அந்நேர்வழி உடனே கிட்டவில்லை. 1932-இல் டாட்டா விமானத் தபால் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்தது. 1933-இல் லண்டன் விமானம் கல்கத்தாவை எட்டியது. இரண்டையும் இணைத்த ஊர் தொலைவிலுள்ள கராச்சியே!

விடுதலைக்குப் பின், 1949 ஜனவரியில், இரவு விமானத் தபால் தொடங்கிற்று. அதன் அமைப்பு வியக்கத்தக்கது. கல்கத்தா, சென்னை, பம்பாய், டில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் புறப்படும். நாட்டின் நடுவிலுள்ள நாகபுரியில் நள்ளிரவையொட்டி நான்கும் கூடும். தபால் பைகளும் பயணிகளும் விமானம் மாறுவர். பின்னர் ஒவ்வொன்றும் தன் நகருக்குத் திரும்பி விடியற்காலையில் இறங்கும். நான்கு நகரங்களைத் தனித்தனியே இணைக்க ஆறு வழிகள் வேண்டும். நாகபுரியைக் கூடுமிடமாக்கியதால் நான்கே போதுமாயின.

நாகபுரி வழியே சென்றால் கல்கத்தாவிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,890 கிலோமீட்டர். நேர்வழியைவிட ஐந்நூறு கிலோமீட்டர் மிகுதி. எனினும், இரண்டு இரவு ரயிலிற் சென்ற கடிதம் ஒரே இரவில் சென்றது. சுற்றுவழியே குறுக்குவழியாயிற்று! 1949 ஏப்ரல் முதல் சாதாரணக் கடிதமும் கார்டும் தனிக்கட்டணமின்றி விமானத்தில் செல்லலாயின. ஏழைக் குமாஸ்தாவின் கார்டும் பறந்தது. தந்தையார் நிலை கவலைக்கிடம் என்று தந்தி பெற்றவர், பணமும் இடமும் கிட்டினால், மறுநாள் காலையில் சென்னையில் இறங்க முடிந்தது. இறுதியாக முகம் காண்பதும் காணாதிருப்பதும் அவ்வோரிரவில் அடங்கியிருந்தன.

இவ்வசதி விலையின்றிக் கிடைத்ததன்று. 1953 டிசம்பர் 12-ஆம் நாள் நாகபுரியிலிருந்து சென்னை நோக்கிக் கிளம்பிய டகோட்டா விமானம் வீழ்ந்து 13 பேர் மாண்டனர். நம் வீட்டுச் செய்திகளைச் சுமந்து இருளில் பறந்தோரை நன்றியுடன் நினைத்தல் நம் கடமை.

பின்னர் வேகம் வளர்ந்தது. 1964-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் ஜெட் விமானங்களைப் பெற்றது. 1977-இல் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்க, ரயிலிலும் ஓரிரவு குறைந்தது. 1995-இல் டம்டம் விமான நிலையம் நேதாஜியின் பெயரைப் பெற்றது. நாகபுரியின் நள்ளிரவுச் சந்திப்பு பழங்கதையாயிற்று.

இன்று காலைச் சிற்றுண்டியைக் கல்கத்தாவில் முடித்து, நண்பகல் உணவைச் சென்னையில் அன்னையின் கையால் உண்ணலாம். வழி இவ்வளவு குறுகிய பின்னும் ஊரில் முதியோர் நம் வருகைக்காகக் காத்திருப்பின், அத்தொலைவுக்கு விமானம் பொறுப்பன்று. இளைஞர்கள் இதனைச் சிந்திப்பார்களாக!