மின்னஞ்சல் முகவரி சரிபார்ப்பு

மின்னஞ்சல் முகவரி சரிபார்ப்பு என்பது ஒரு மின்னஞ்சல் முகவரி முறையாக அமைந்துள்ளதா, அதற்கு அனுப்பப்படும் மடல் உரியவரைச் சென்றடையுமா என்பவற்றை அறியும் செயல் ஆகும். ஒரே மடலைப் பல நூறு அல்லது பல ஆயிரம் பேருக்கு அனுப்பும் மொத்த மின்னஞ்சலுக்கு முன்னர் இது பெரிதும் தேவைப்படுகின்றது. கல்வி நிறுவனங்கள், இதழ்கள், சங்கங்கள், வங்கிகள், வணிக நிறுவனங்கள் ஆகியவை தம்மிடமுள்ள முகவரிப் பட்டியலை இவ்வாறு சரிபார்க்கின்றன.

சரிபார்ப்பில் நான்கு படிகள் உள்ளன. அவை வடிவம், ஆள்களம், அஞ்சற்பெட்டி, உரியவரின் உறுதிப்பாடு என்பன. முதல் மூன்றையும் கணினி தானாகவே செய்ய இயலும். முகவரி யாருடையது, அவர் மடலைப் பெற விரும்புகின்றாரா என்பவற்றை நான்காவது படியே காட்டும்.

தேவை

தவறான முகவரிக்கு அனுப்பிய மடல் திரும்பி வருகின்றது. ஒரே வழங்கியிலிருந்து செல்லும் மடல்களில் பெரும்பகுதி இவ்வாறு திரும்பினால், பெறும் வழங்கிகள் அனுப்புநரை எரிதம் (வேண்டா மின்னஞ்சல்) அனுப்புபவராகக் கருதத் தொடங்கும். அதன்பின் சரியான முகவரிகளுக்குச் செல்லும் மடல்களும் எரிதப் பெட்டிக்குள் விழும், அல்லது ஏற்கப்படாமலே போகும். ஆகவே பட்டியலில் உள்ள தவறான முகவரிகளின் விளைவைச் சரியான முகவரி கொண்டவர்களும் ஏற்க நேர்கின்றது. தேர்வு அறிவிப்பு, கட்டண நினைவூட்டல் போன்ற மடல்கள் இவ்வாறு தவறும்போது இழப்பு பெறுநருக்கே ஏற்படுகின்றது.

பிப்ரவரி 2024 முதல் ஜிமெயில், தன் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட மடல்களை அனுப்புவோருக்குத் தனி விதிகளை நடைமுறைப்படுத்தியது. அனுப்பும் ஆள்களத்தை மெய்ப்பிக்கும் ஏற்பாடுகள் இருத்தல், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தருதல், பெறுநர் எரிதம் எனக் குறிக்கும் மடல்களின் அளவை 0.3 விழுக்காட்டுக்குக் கீழ் வைத்திருத்தல் ஆகியன அவற்றுள் சில. யாகூவும் அதே காலத்தில் இத்தகைய விதிகளைக் கொண்டு வந்தது.

வரலாறு

1971இல் ரே டாம்லின்சன் பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க @ குறியைப் பயன்படுத்தினார். முதல் மொத்த விளம்பர மடல் எனக் கூறப்படுவது மே 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி துயர்க் என்பவர் அர்ப்பாநெட் வலையமைப்பில் அனுப்பியதாகும். ஏறத்தாழ 400 முகவரிகள் அச்சிட்ட பயனர் கையேட்டிலிருந்து எடுத்துத் தட்டச்சு செய்யப்பட்டன. அக்கால மென்பொருளின் முகவரிப் பகுதியில் அத்தனையும் அடங்கவில்லை. எஞ்சியவை மடலின் உடற்பகுதிக்குள் வழிந்தன.

1982இல் வெளியான எஸ்எம்டிபி நெறிமுறையில், ஒரு பயனர் உள்ளாரா என வழங்கியைக் கேட்பதற்கெனவே 'வெரிஃபை' என்னும் கட்டளை இடம்பெற்றிருந்தது. எரிதம் அனுப்புவோர் இதனைக் கொண்டு உண்மையான முகவரிகளைத் திரட்டத் தொடங்கியதால் பெரும்பாலான வழங்கிகளில் இக்கட்டளை முடக்கப்பட்டது. இன்று கேட்கப்பட்டால் பல வழங்கிகள் 252 என்ற விடையைத் தருகின்றன. 'சரிபார்க்க இயலாது, ஆயினும் மடலை ஏற்று அனுப்ப முயல்வேன்' என்பது இதன் பொருள்.

முகவரியின் அமைப்பு

மின்னஞ்சல் முகவரி @ குறிக்கு முன்னுள்ள பயனர் பகுதி, பின்னுள்ள ஆள்களப் பகுதி என இரண்டாகப் பிரியும். 2008இல் திருத்தி வெளியிடப்பட்ட ஆர்.எஃப்.சி 5321 ஆவணத்தின்படி பயனர் பகுதி 64 பைட்டுகளுக்கும் ஆள்களப் பகுதி 255 பைட்டுகளுக்கும் மிகுதல் ஆகாது. பயனர் பகுதியை எவ்வாறு பொருள்கொள்வது என்பதைப் பெறும் வழங்கியே முடிவு செய்யும். சான்றாக, ஜிமெயில் பயனர் பகுதியில் உள்ள புள்ளிகளைப் பொருட்படுத்துவதில்லை. வேறு வழங்கிகளில் புள்ளி இருப்பதும் இல்லாததும் வெவ்வேறு முகவரிகளாகலாம்.

சரிபார்க்கும் முறைகள்

வடிவச் சரிபார்ப்பு

முகவரியில் @ குறி உள்ளதா, இடைவெளி புகுந்துள்ளதா, புள்ளிகள் அடுத்தடுத்து வந்துள்ளனவா என்பன போன்றவை இப்படியில் பார்க்கப்படுகின்றன. தட்டச்சுப் பிழைகளில் ஒரு பகுதி இதில் அகப்படும்.

விதி மிகக் கடுமையாக இருந்தால் சரியான முகவரிகளும் தள்ளப்படும். கூட்டல் குறி, மேற்கோள் குறி ஆகியவை பயனர் பகுதியில் வரலாம் எனினும், பல படிவங்கள் அவற்றை ஏற்பதில்லை. ஆள்களத்தின் இறுதிப்பகுதி இரண்டு முதல் நான்கு எழுத்துகளே கொண்டிருக்கும் எனக் கருதி எழுதப்பட்ட விதிகள், 2001இல் ஆறு எழுத்து கொண்ட 'மியூசியம்' என்னும் மேல்நிலை ஆள்களம் வந்தபோதே பொருந்தாமற் போயின.

இந்திய அரசு இணையத்தளங்களில் முகவரிகளைத் திரட்டும் நிரல்களுக்கு அகப்படாதிருக்க, @ குறிக்கும் புள்ளிக்கும் மாற்றாக 'அட்', 'டாட்' என்னும் ஆங்கிலச் சொற்களை அடைப்புக்குறிக்குள் எழுதும் வழக்கம் உள்ளது. திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தளங்களில் அலுவலக முகவரிகள் இவ்வாறு தரப்பட்டுள்ளன. இவற்றை அப்படியே படியெடுத்துப் பட்டியலில் சேர்த்தால் வடிவச் சரிபார்ப்பில் தவறிவிடும்.

ஆள்களச் சரிபார்ப்பு

ஆள்களப் பெயர் முறைமையில் அப்பெயர் உள்ளதா, அதற்குரிய மடல்களை ஏற்கும் வழங்கி எது எனக் கூறும் எம்எக்ஸ் பதிவு உள்ளதா என்பவை பார்க்கப்படுகின்றன. எம்எக்ஸ் பதிவு இல்லாவிடினும், ஆள்களத்துக்கு நேரடி இணைய முகவரி இருந்தால் மடல் அங்குச் செலுத்தப்படும். மடலை ஏற்பதே இல்லை என்று அறிவிக்க விரும்பும் ஆள்களங்களுக்காக 2015இல் 'வெற்று எம்எக்ஸ்' என்னும் முறை வரையறுக்கப்பட்டது.

எழுத்துப் பிழையுள்ள ஆள்களமும் யாரேனும் ஒருவரால் பதிவு செய்யப்பட்டிருக்கலாம். அவ்வாறாயின் இச்சோதனை பிழையைக் காட்டாது.

அஞ்சற்பெட்டிச் சரிபார்ப்பு

சரிபார்க்கும் நிரல் பெறும் வழங்கியுடன் தொடர்பு கொண்டு, இன்னாருக்கு மடல் உள்ளது எனக் கூறி, விடையைப் பெற்றபின் மடலை அனுப்பாமலே தொடர்பைத் துண்டிக்கும். விடை எண்ணின் முதல் இலக்கம் நிலையைக் குறிக்கின்றது.

2இல் தொடங்குபவை (சான்று: 250) ஏற்கப்பட்டதைக் குறிக்கும்.
4இல் தொடங்குபவை (சான்று: 450) தற்காலிகத் தடையைக் குறிக்கும். பின்னர் மீண்டும் முயலலாம்.
5இல் தொடங்குபவை (சான்று: 550) நிலையான மறுப்பைக் குறிக்கும்.

இம்முறைக்குச் சில குறைகள் உள்ளன. சில ஆள்களங்கள் எப்பெயருக்கு வந்த மடலையும் முதலில் ஏற்கும் வண்ணம் அமைக்கப்பட்டுள்ளன. அங்கு இல்லாத முகவரிக்கும் 250 என்ற விடையே கிடைக்கும். சாம்பல் பட்டியல் முறையைக் கையாளும் வழங்கிகள் அறிமுகமில்லாத அனுப்புநரை முதன்முறை தற்காலிகமாக மறுக்கும். இவ்விடையைக் கண்டு முகவரியை நீக்கினால் உண்மையான பெறுநர் விடுபட்டுப் போவார். மடலே அனுப்பாமல் ஆயிரக்கணக்கான முகவரிகளை வினவுவது எரிதம் அனுப்புவோரின் செயலை ஒத்திருப்பதால், வினவும் கணினியே தடைப் பட்டியலில் சேரவும் கூடும்.

உறுதிப்படுத்தும் மடல்

பயனர் தந்த முகவரிக்கு ஓர் இணைப்பு கொண்ட மடல் அனுப்பப்படுகின்றது. அவர் அதனைத் திறந்து சொடுக்கிய பின்னரே முகவரி பட்டியலில் சேர்க்கப்படும். இது இருமுறை ஒப்புதல் எனவும் வழங்கப்படும். அஞ்சற்பெட்டி இயங்குவது, தந்தவரே அதனைப் படிப்பது, அவர் மடலை விரும்புவது ஆகிய மூன்றையும் இம்முறை ஒருங்கே காட்டுகின்றது.

இதனைக் கைக்கொள்ளாத பட்டியல்கள் பிறரைத் தாக்கும் கருவியாகவும் ஆகலாம். ஆகஸ்ட் 2016இல் நிகழ்ந்த ஒரு தாக்குதலில், பலரின் முகவரிகள் அவர்கள் அறியாமலே ஏராளமான செய்திமடல்களில் தானியங்கு நிரல்களால் பதியப்பட்டன. அவர்களது அஞ்சற்பெட்டிகள் வேண்டாத மடல்களால் நிரம்பின. அம்முகவரிகள் யாவும் வடிவத்தாலும் ஆள்களத்தாலும் சரியானவையே ஆகும்.

தமிழ் எழுத்து முகவரிகள்

அக்டோபர் 2007இல் ஐகான் அமைப்பு இலத்தீன் அல்லாத எழுத்துகளில் 11 மேல்நிலை ஆள்களங்களைச் சோதனைக்காக நிறுவியது. அவற்றுள் தமிழில் அமைந்தது '.பரிட்சை' ஆகும். 'உதாரணம்.பரிட்சை' என்பது அதன் சோதனை முகவரி. இச்சோதனை ஆள்களங்கள் 2013இல் நீக்கப்பட்டன. இதற்கிடையே 2010இல் '.இலங்கை', 2011இல் '.சிங்கப்பூர்', '.இந்தியா' ஆகிய நாட்டு ஆள்களங்கள் நிறுவப்பட்டன.

@ குறிக்கு முன்னுள்ள பகுதியையும் தமிழில் எழுதுவதற்கான நெறிமுறைகள் 2012இல் வெளியாயின. 2014இல் ஜிமெயில் இத்தகைய முகவரிகளுக்கு மடல் அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் வழிசெய்தது. 2016இல் ஜெய்ப்பூரைச் சேர்ந்த டேட்டா எக்ஸ்ஜென் நிறுவனம் 'டேட்டாமெயில்' என்னும் சேவையின் மூலம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் முகவரிகளை வழங்கத் தொடங்கியது.

இம்முகவரிகள் பழைய விதிகளால் எளிதில் தள்ளப்படுகின்றன. திண்டுக்கல் அருகேயுள்ள மலையின் பெயரைக் கொண்டு 'சிறுமலை@எடுத்துக்காட்டு.இந்தியா' என்னும் கற்பனை முகவரியைக் கருதலாம். இதில் மூன்று இடர்ப்பாடுகள் எழுகின்றன.

முதலாவது எழுத்து வகை. ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்கும் விதி இம்முகவரியை முழுதும் மறுக்கும். ஒருங்குறியில் 'எழுத்து' என வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டும் ஏற்கும் விதியும் போதாது. ச, ற, ம, ல ஆகியன எழுத்து வகையில் அடங்க, இகர, உகர, ஐகாரக் குறிகளும் மெய்ப்புள்ளியும் 'குறி' என்னும் வேறு வகையில் அடங்குகின்றன.

இரண்டாவது நீளம். 'சிறுமலை' என்பதில் நான்கு எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அது ஏழு குறியீடுகளாகும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் வீதம் 21 பைட்டுகள் தேவை. 64 பைட்டு வரம்புக்குள் தமிழில் 21 குறியீடுகளே அடங்கும். 'திண்டுக்கல்' என்னும் ஆறெழுத்துப் பெயர் மட்டும் 33 பைட்டுகளைக் கொள்ளும்.

மூன்றாவது ஒரே தோற்றமுள்ள வெவ்வேறு குறியீடுகள். 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் தட்டச்சு செய்ய இயலும். ஒருங்குறி இயல்பாக்கம் செய்த பின்னரே முகவரிகளை ஒப்பிட வேண்டும். செய்யாவிடில் ஒருவரே பட்டியலில் இருவராகத் தோன்றுவார்.

பட்டியல் பழமையாதல்

ஒருமுறை சரிபார்த்த முகவரி என்றும் சரியாக இருப்பதில்லை. படிப்பு முடித்தல், பணி மாறுதல், சேவை நிறுத்தப்படுதல் ஆகியவற்றால் முகவரிகள் செயலற்றுப் போகின்றன. இந்தியாவில் விஎஸ்என்எல் நிறுவனம் 15 ஆகஸ்ட் 1995 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. சென்னைச் சந்தாதாரர்களின் தொடக்ககால முகவரிகள் 'கியாஸ்எம்டி01' எனத் தொடங்கும் ஆள்களப் பகுதியைக் கொண்டிருந்தன. 1990களின் தமிழ் நூல்களிலும் மலர்களிலும் இவற்றைக் காணலாம். 2008இல் அந்நிறுவனம் டாட்டா கம்யூனிகேஷன்ஸ் எனப் பெயர் மாறியது. இத்தகைய பழைய முகவரிகள் வடிவச் சரிபார்ப்பில் இன்றும் தேறும்.

கைவிடப்பட்ட முகவரி வேறொருவருக்குச் செல்லவும் கூடும். 2013இல் யாகூ, ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாத பயனர் பெயர்களைப் புதியவர்களுக்கு வழங்கியது. முந்தைய உரிமையாளருக்கு உரிய தனிப்பட்ட மடல்கள் சில புதியவர்களைச் சென்றடைந்தன. குறித்த நாளிலிருந்து முகவரி ஒருவரிடமே இருந்தால் மட்டும் மடலை ஒப்படைக்குமாறு வழங்கியைக் கேட்கும் முறை இதன்பின் 2014இல் ஆர்.எஃப்.சி 7293 ஆக வெளியானது. கூகுள் நிறுவனம் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை டிசம்பர் 2023 முதல் நீக்கத் தொடங்கியது.

சில பழைய முகவரிகளை எரிதத் தடுப்பு அமைப்புகள் பொறி முகவரிகளாக மாற்றுகின்றன. அவற்றுக்கு மடல் அனுப்புபவர் பட்டியலைப் பேணாதவர் என அறியப்படுவார். பொறி முகவரி மடலை ஏற்றுக்கொள்வதால், அஞ்சற்பெட்டிச் சரிபார்ப்பு அதனைச் செல்லுபடியாகும் முகவரி என்றே காட்டும்.

சட்டம்

சிங்கப்பூரின் 2007ஆம் ஆண்டு எரிதக் கட்டுப்பாட்டுச் சட்டம், 24 மணி நேரத்தில் 100க்கு மேற்பட்ட ஒரே பொருளுள்ள மடல்களை மொத்த மடலாகக் கருதுகின்றது. சொற்களை மாற்றி மாற்றி ஊகித்தோ, திரட்டும் மென்பொருளாலோ பெற்ற முகவரிகளுக்கு மடல் அனுப்புவதை அது தடை செய்கின்றது.

இந்தியாவில் எரித மின்னஞ்சலுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு தொல்லை தரும் மின்னஞ்சல்களையும் குறிப்பிட்டிருந்தது. 24 மார்ச் 2015 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை முழுவதும் நீக்கியது. 2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவைக் கையாளத் தெளிவான ஒப்புதலை வலியுறுத்துகின்றது. இதன் விதிகள் நவம்பர் 2025இல் அறிவிக்கப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைந்துள்ளன. ஒருவரை அடையாளம் காட்டும் மின்னஞ்சல் முகவரி தனிநபர் தரவு ஆகும். ஆதலால் சரிபார்க்கும் பொருட்டு முழுப் பட்டியலையும் வெளி நிறுவனத்திடம் தருவதும் தரவைக் கையாளுதலில் அடங்கும்.

இவற்றையும் பார்க்க

மின்னஞ்சல்
எரிதம்
ஆள்களப் பெயர் முறைமை
ஒருங்குறி